பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் ஆயில்: வீட்டில் மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் கொடுங்க" என்று கடையில் கேட்டு, எடுத்துத் தரும் சிவப்பு ஆயிலை வாங்கி வருவதுதான் பெரிய தவறு. உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் வழுக்காமல், வெடுக்கென்று இழுக்காமல் பிடிப்பது ஆயிலின் சேர்மானத்தைப் பொறுத்தது. பழைய ஐ10 ஆட்டோமேட்டிக்குக்கு எஸ்பி-3 வகை. பழைய ஹோண்டாக்கள் பலவற்றுக்கு இசட்-1, அது போய் இப்போது டிடபிள்யூ-1. சிவிடி (பல்சக்கர கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் கப்பியும் கொண்ட கியர்பாக்ஸ்) வண்டிக்குத் தனி ஆயில். செலேரியோ மாதிரி ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் கருவியே இயக்கும்) வண்டி இந்தக் கணக்கிலேயே வராது, அதன் கியர்பாக்ஸ் அடிப்படையில் மேனுவல்தான். கார் கையேட்டில் போட்டிருக்கும் பெயரைச் சொல்லி, சீல் உடையாத கேனாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, இடம். வடசென்னையின் ராயபுரம், கொருக்குப்பேட்டை சந்துகளில் கார் பாதி தெருவிலும் பாதி ஓரச் சரிவிலும்தான் நிற்கும். அங்கே வைத்து அளவு பார்த்தால் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பொய்தான் சொல்லும். சமதளம் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

அடியில் ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட் இரண்டு இருக்கும், இன்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று. அவசரத்தில் இன்ஜின் ஆயிலை இறக்கிவிட்டு, மேலே கியர்பாக்ஸில் ஊற்றுபவர்கள் உண்டு. ஒன்று காலி, இன்னொன்று நிரம்பி வழியும்; அப்படியே ஸ்டார்ட் செய்தால் இரண்டுக்கும் கேடு. பல ஹோண்டாக்களில் கியர்பாக்ஸ் போல்ட்டில் சதுரக் குழி இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். டிப்ஸ்டிக் இல்லாத வண்டியில், ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் அடிப்போல்ட்டில் கை வைக்க வேண்டும். மூடும்போது புது வாஷர் போடுங்கள். கியர்பாக்ஸ் உடம்பு அலுமினியம், பலம் காட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

இறங்கிய ஆயிலை அளக்காமல் விடுவது பலரும் செய்வது. ஏற்கெனவே அளவு சரியாக இருந்த வண்டி என்றால், எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் திரும்பப் போக வேண்டும். கையேட்டில் இருக்கும் மொத்தக் கொள்ளளவைப் பார்த்து ஊற்றாதீர்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் நிற்கும் ஆயில் இறங்காது, ஒரு தடவைக்குப் பாதியளவுதான் மாறும். பாதி என்றே வைத்துக்கொண்டால், சில நாள் ஓட்டி ஓட்டி மூன்று தடவை மாற்றினால் எட்டில் ஏழு பங்கு புதிதாகிவிடும். பழைய வண்டிக்கு மெஷின் வைத்து மொத்த ஆயிலையும் ஒரேயடியாக மாற்றும் ஃப்ளஷைவிட இந்தப் பொறுமையான வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அளவு பார்ப்பதிலும் வண்டிக்கு வண்டி முறை வேறு. ஹோண்டாவில் நன்றாகச் சூடானதும் இன்ஜினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஹூண்டாயின் பழைய மாடல்களில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா கியருக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டுப் பார்க்க வேண்டும். கூடினாலும் ஆபத்துதான். ஆயில் நுரைத்து, அழுத்தம் குறைந்து, கியர் வழுக்கும்.

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் மழை வெள்ளத்தில் நின்ற கார் என்றால் அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்லுங்கள். டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது சாதாரணம். துண்டு துண்டாக உலோகம் ஒட்டியிருந்தால் ஆயில் மாற்றிப் பயனில்லை.

பழைய ஆயிலைத் தெருக் கால்வாயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போய்ச் சேரும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்த எண்ணெயை மீனவர்கள் கையால் அள்ளியதைப் பார்த்தவர்கள் நாம். மூடி போட்ட கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.