படி ஏறலாம் வாங்க, அப்பாவை மேய்க்காமல்

சேலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கரடு, அதன் மேல் ஒரு கோவில், கோவில் வரைக்கும் படி. நானும் அப்பாவும் ஞாயிறு காலைகளில் இவற்றைத்தான் ஏறுகிறோம். முதல் மாதம் நான் அவரை எங்கே ஏறவிட்டேன்? மேய்த்தேன். "மெதுவாப்பா, ஓரமா வாங்க, தண்ணி குடிங்க." ஐந்தாவது வாரம், "நான் வரல, நீ போ கண்ணு" என்று படுத்துக்கொண்டார். அதனால் இந்தப் பாடத்தில் பாதி காலுக்கு, பாதி வாய்க்கு.

1. குமரகிரியில் தொடங்குங்கள்

அம்மாபேட்டைப் பக்கம் இருக்கும் இந்த மலைக்குப் படியும் உண்டு, வண்டிப் பாதையும் உண்டு. எதில் வருவது என்று அவரவரே சொல்லட்டும். மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனிக்குக் கிளம்பிய முருகன் வழியில் இங்கே இளைப்பாறினான் என்பார்கள். பெற்றவர்களே பிடித்து நிறுத்த முடியாத பிள்ளையின் மலையில் நின்றுதான் நான் அப்பாவை அதட்டிக்கொண்டிருந்தேன்!

2. விடிந்ததும் ஏறுங்கள்

கோடையில் வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலோடு படியில் நிற்க முடியாது. மழைக்கு மறுநாளும் வேண்டாம், பாசி வழுக்கும்.

3. காலுக்கான பாடம்

ஏறும்போது ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிந்தால் வேகம் சரி. பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள். முழுப் பாதமும் படியில் பதியட்டும்.

முட்டிக்குச் சோதனை இறங்கும்போதுதான். அப்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது அதனால்தான். ஒரு முட்டியில் வலி இருந்தால், ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை. இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்துச் சேர்த்து இறங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் அன்றைய ஏற்றம் அதோடு சரி, உடனே டாக்டரிடம் போக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் அதட்டுவேன்.

4. வாய்க்கான பாடம்

பத்துப் படி பின்னால் வாருங்கள். முன்னால் போனால் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றும். பக்கத்தில் போனாலோ கை தானாகவே அவர் முழங்கையைப் பிடிக்கும். அடிவாரத்தில் ஒரே ஒரு கேள்வி: "ஏதாவது வேணும்னா கூப்பிடுவீங்கதானேப்பா?" அவர் சரி என்றதும் உங்கள் வேலை முடிந்தது.

அப்புறமும் நாக்கு துறுதுறுக்கும். சொல்ல வந்து விழுங்கிய ஒவ்வொரு புத்திமதிக்கும் ஒரு விரலை மடக்கினேன். முதல் நாள் இரண்டு கையும் போதவில்லை. முப்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து, காலால் மிதி மிதித்துத் துணி நெய்த மனிதர், தன் கால் எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரியாதா?

பேசாமல் வந்ததில் ஒன்று தெரிந்தது. வழியில் அவர் அடிக்கடி நிற்பார். மூச்சு வாங்குகிறது என்றே நினைத்திருந்தேன். கீழே தெரிந்த கூரைகளுக்கு நடுவே நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்!

5. அடுத்த மலைகள்

குமரகிரி பழகிவிட்டால் சீலநாயக்கன்பட்டிப் பக்கம் ஊத்துமலை. அதற்கும் பிறகு ஏற்காட்டில் கிளியூர் அருவி. அங்கே கணக்கு தலைகீழ்: முதலில் இறக்கம், களைத்த காலோடு ஏற்றம். பாதி பலத்தைத் திரும்பி வருவதற்கு மிச்சம் வையுங்கள். கோடையில் போனால் தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள்.

போன மாதம் அங்கே போனோம். இருபது படி இறங்கியதும் அப்பா ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இது போதும், நீ போய்ட்டு வா கண்ணு." எனக்குக் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. விரலை மடக்கிக்கொண்டு தனியாக இறங்கினேன். வளைவில் மறைகிற வரைக்கும் மேலிருந்து அவர் குரல் மட்டும் விடவே இல்லை: "பாத்து... ஓரமா போ... பாத்து!"