விகிதமுறு கோவையைச் சுருக்கும்போது எதை அடிக்கலாம்?

மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. அஸ்தம்பட்டியில் டியூஷன் போகிறாள், ஆனாலும் ராத்திரி சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவாள். இயற்கணிதத்தை விட்டு எனக்குப் பல வருடம் ஆகிவிட்டது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். காரணிப்படுத்துவது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். புத்தகத்தில் எக்ஸ் வரும் இடத்தில் நான் க என்று போடுகிறேன். விகிதமுறு கோவை என்றால் மேலேயும் கீழேயும் பல்லுறுப்புக்கோவை இருக்கும் பின்னம், இதைப் போல:

(க² − 5க + 6) / (க² − 9)

படி 1. தொகுதி, பகுதி இரண்டையும் காரணிப்படுத்துங்கள்.

(க − 2)(க − 3) / (க + 3)(க − 3)

படி 2. இரண்டிலும் இருக்கும் (க − 3)ஐ அடியுங்கள். விடை (க − 2) / (க + 3).

படி 3. ஒரு எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இந்த மூன்றாவது படியில். மகள் காரணிப்படுத்தாமல், மேலே ஒரு க², கீழே ஒரு க² என்று இரண்டையும் நேராக அடித்துவிட்டாள். அவளுக்கு வந்தது (−5க + 6) / (−9). தப்பு என்று காட்டலாமே என்று க = 0 போட்டேன். அவள் விடையிலும் −2/3, கேள்வியிலும் −2/3! அன்று ராத்திரி அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

காலையில்தான் புரிந்தது. க = 0 என்றால் க²-ம் 0. இல்லாத ஒன்றை அடித்தால் எதுவும் மாறாது, அதனால் தப்பு வெளியே தெரியவில்லை. க = 5 போட்டால் உடனே தெரிந்துவிடும்: கேள்வி 6/16, அதாவது 3/8. சரியான விடையும் 3/8. அவளுடையது 19/9. அதனால் 0, 1 இரண்டும் வேண்டாம், 5 அல்லது 7 போடுங்கள்.

ஏன் க²ஐ அடிக்கக் கூடாது? அது அங்கே கூட்டல் கழித்தலில் நிற்கும் ஓர் உறுப்பு. 13/15இல் 13 என்பது 10 + 3, 15 என்பது 10 + 5. இரண்டு 10ஐயும் அடித்து 3/5 என்று யாரும் எழுத மாட்டோம். மொத்தத்தையும் பெருக்கிக்கொண்டு நிற்பது காரணி. காரணியை மட்டும்தான் அடிக்கலாம்.

குறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம். (3 − க) என்பது −(க − 3)தான். அந்தக் கழித்தல் குறியை வெளியே எடுத்துவிட்டு அடியுங்கள்.

கூட்டலுக்கு நம் ஊர்க் கணக்கு ஒன்று. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறக்குறைய 30 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது மணிக்கு க கி.மீ., இறங்கும்போது க + 10 என்றால் மொத்த நேரம்:

30/க + 30/(க + 10)

பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.) க(க + 10). கூட்டினால் 60(க + 5) / க(க + 10). போகவர 60 கி.மீ.யை இதால் வகுத்தால் சராசரி வேகம் க(க + 10) / (க + 5). நடுவில் இருக்கும் க + 5தான் சராசரி என்று தோன்றும், ஆனால் இல்லை. க = 20 போடுங்கள்: ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி, சராசரி 24. 25 அல்ல. மெதுவாகப் போகும் ஏற்றத்தில் அதிக நேரம் கழிகிறது, அதனால்தான்.

விடையைச் சொல்லிவிடும் செயலிகளைக் கற்கும்போது தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. கோடு போடாத வெள்ளை நோட்டும் பென்சிலும் போதும், பின்னத்தைப் பெரிதாக எழுத இடம் கிடைக்கும். முடித்த பிறகு ஜியோஜீப்ரா என்ற வரைபடம் வரையும் மென்பொருளில் கேள்வி, விடை இரண்டையும் வரைந்து பாருங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்.

பின்சேர்க்கை: முதல் கணக்கில் க = 3 போட்டால் கேள்வியில் 0/0 வருகிறது, விடையில் 1/6 வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் எழுதியிருக்க வேண்டும். இரண்டு கோவையும் சமம் என்பது க = 3 தவிர மற்ற இடங்களில்தான். 0/0க்கு மதிப்பு இல்லை, அதனால் அங்கே கேள்வியின் கோட்டில் ஒரு புள்ளி அளவு ஓட்டை இருக்கும். ஜியோஜீப்ரா கோட்டில் அந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. நம் பத்தாம் வகுப்புப் பாடநூல் எளிய வடிவத்துக்கு மாற்றிய பிறகே விலக்கப்பட்ட மதிப்பை, அதாவது பகுதியை 0 ஆக்கும் மதிப்பை, பார்க்கச் சொல்கிறது, அதன்படி −3 மட்டும். பரீட்சையில் அப்படியே எழுதுங்கள். மகளை மட்டும் அடிக்கும் முன்பே நோட்டு ஓரத்தில் ‘க ≠ 3, −3’ என்று குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.