ஸ்பெயினின் வெள்ளியும் விலைவாசியும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலிருந்து வெள்ளி வந்து குவிந்தது, விலைவாசி ஏறியது, ஸ்பெயின் நொடித்துப்போனது. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினைப் பற்றிய பல கட்டுரைகளின் சாரம் இவ்வளவுதான். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிச்சுப் போடும் இடத்தில்தான் பிழை நுழைகிறது.

முதலில் காலவரிசையைச் சரிபாருங்கள். இன்றைய பொலிவியாவில் உள்ள பொதோசி மலையில் வெள்ளி கிடைத்தது 1545இல்; மெக்சிகோவின் சகாதேகாஸில் 1546இல். பொதோசியின் பெருவரவு 1570களுக்குப் பிறகுதான். பாதரசத்தைக் கொண்டு தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை அங்கே வந்து சேர்ந்ததும், மித்தா என்ற கட்டாய உழைப்பு முறையில் பழங்குடி மக்களைச் சுரங்கத்துக்கு இழுத்து வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். ஸ்பெயினின் பெரிய அரசான காஸ்டிலில் விலைவாசியோ நூற்றாண்டின் முதற்பாதியிலேயே ஏறத் தொடங்கிவிட்டது; விகிதக் கணக்கில் பார்த்தால் பிற்பாதியைவிட வேகமாகவே ஏறியது. ஆக, 1530களின் விலையேற்றத்தைப் பொதோசியின் தலையில் கட்ட முடியாது. மக்கள்தொகை பெருகியதும், மத்திய ஐரோப்பியச் சுரங்கங்களின் வெள்ளியும், கரீபியத் தீவுகளின் தங்கமும் அந்தக் கணக்கில் வர வேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பணம் பெருகியது மட்டுமே காரணம் என்றால் எல்லா விலையும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறியிருக்க வேண்டும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அதிகம் ஏறியதென்னவோ தானிய விலைதான். துணி உள்ளிட்ட கைத்தொழில் பொருள்களின் விலை அதற்குப் பின்தங்கியே இருந்தது. உண்ணும் வாய்கள் பெருகியதன் அடையாளம் இது.

இந்த நீண்ட விலையேற்றத்துக்கு வரலாற்றாசிரியர்கள் வைத்த ‘விலைப் புரட்சி’ என்ற பெயரைக் கேட்டு இன்றைய பணவீக்கத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். விலை நூறு ஆண்டில் நான்கு மடங்கானது என்றால் ஆண்டுக்குச் சுமார் 1.4 சதவீதம். ஏழைகளை வதைத்தது இந்தச் சராசரி அல்ல. விளைச்சல் பொய்த்த ஓர் ஆண்டில் கோதுமை விலை ஒரேயடியாகத் தாவியதுதான். பத்தாண்டுச் சராசரியை மட்டும் எடுத்தால் பஞ்சம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

அதிகம் இடறி விழுவது அலகுகளில். கணக்குப் புத்தகங்கள் மரவேதி என்ற கணக்கு அலகில் எழுதப்பட்டன: ரெயால் என்ற வெள்ளிக்காசு ஒன்று 34 மரவேதி, பெரிய தொகைகளுக்கான துகாத் ஒன்று 375 மரவேதி. 16ஆம் நூற்றாண்டு முழுவதும் ஒரு ரெயாலில் சுமார் 3.2 கிராம் தூய வெள்ளி இருந்ததால் கணக்கு நேராகப் போகும். சிக்கல் 1599இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் வெய்யோன் என்ற சில்லறைக் காசைத் துளியும் வெள்ளி கலக்காமல் வெறும் செம்பில் அடித்தார்கள். 1603இல் அந்தக் காசுகளின் மேல் மறுமுத்திரை குத்தி மதிப்பை இரட்டித்தார்கள். 1628இல் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். இடையில் செம்புக்காசைக் கொடுத்து வெள்ளி வாங்க வட்டம், அதாவது முகமதிப்புக்கு மேல் கூடுதல் தொகை, கட்ட வேண்டியிருந்தது. 1590ஆம் ஆண்டு விலையையும் 1625ஆம் ஆண்டு விலையையும் மரவேதியிலேயே வைத்து ஒப்பிட்டால், நாணயச் சீரழிவைப் பொருளின் விலையேற்றம் என்று எண்ணிவிடுவீர்கள். அந்தந்த ஆண்டின் வட்டத்தைக் கழித்து, வெள்ளிக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். அளவைகளும் அப்படித்தான், ஒரே பெயர் இடத்துக்கு இடம் மாறும்: தானியம் அளக்கும் ஃபனேகா காஸ்டிலில் சுமார் 55.5 லிட்டர், கிழக்கே அரகோன் அரசில் 22.4 லிட்டர்.

அரசு விதித்த உச்சவிலையைச் சந்தை விலையாக எடுப்பது இன்னொரு தவறு. ஒரு ஃபனேகா கோதுமைக்கு 1558இல் 310 மரவேதி, 1605இல் 612 மரவேதி என்பது சட்டம். நல்ல விளைச்சல் ஆண்டில் அதற்குக் கீழே விற்றது. பஞ்ச ஆண்டில் மறைவாக அதற்கு மேலே விற்றது.

வந்த வெள்ளியெல்லாம் மன்னருக்கே போனது என்பதும் சரியல்ல. அமெரிக்கக் கப்பல்களின் சரக்கைப் பதிவுசெய்த செவில் துறைமுக நகரில் பதிவானதில் ஏறத்தாழ கால் பங்குதான் அரசுடையது, மீதி வணிகர்களுடையது. நூற்றாண்டின் பிற்பாதியில் ஆண்ட மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் கருவூலத்தைப் பெருமளவு தாங்கியது காஸ்டில் குடிமக்களின் வரி. 1557, 1575, 1596 ஆண்டுகளில் அரசு ‘திவாலானது’ என்று எழுதும்போதும் கவனம் தேவை. பெட்டி காலியாகிக் கதவடைத்ததாக அதற்குப் பொருள் இல்லை. இத்தாலியின் ஜெனோவா நகர வங்கியாளர்கள் போன்றோரிடம் அதிக வட்டிக்கு வாங்கிய குறுகியகாலக் கடன்களின் தவணையை நிறுத்திவைத்துப் பேரம் பேசி, அவற்றின் பெரும்பகுதியைக் குறைந்த வட்டியுள்ள நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றினார்கள். பிறகு அதே வங்கியாளர்களிடமே மறுபடியும் கடன் கேட்டார்கள்.

‘ஸ்பெயின்’ என்று ஒரே சொல்லில் எழுதுவதும் ஆபத்து. காஸ்டில், அரகோன், கத்தலோனியா, வாலென்சியா ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமும் வரியும் நாணயமும் இருந்தன. 1609 முதல் 1614 வரை சுமார் 3 லட்சம் மொரிஸ்கோக்களை, அதாவது மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களை, நாடுகடத்தினார்கள். அந்தக் கொடுமையில் வாலென்சியாவின் ஊர்கள் பல ஆளற்றுப் போயின. ஆனால் காஸ்டில் நகரங்களின் சரிவுக்கு அதையே காரணமாகச் சொல்ல முடியாது. அங்கே 1596–1602 கொள்ளைநோய் ஏறத்தாழ 5 லட்சம் உயிர்களை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது.

கடைசியாக, செவில் பதிவேடுகள். 1630களுக்குப் பிறகு அவற்றில் வெள்ளி வரவு மளமளவெனக் குறைவதைப் பார்த்துச் சுரங்கம் வற்றியதாக எழுதிவிடுகிறார்கள். வரியும் பறிமுதலும் மிகுந்ததால் வணிகர்கள் பதியாமல் கடத்தினார்கள் என்பதே பெரிய காரணம். கப்பல்கள் கொண்டுவந்த சரக்கைப் பற்றி டச்சுச் செய்தித்தாள்கள் வெளியிட்ட கணக்குகளைப் பார்த்தால், 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளி முன்னைவிடக் கூடுதலாகவே வந்தது தெரியும்.