குரூப்பில் ஒருத்தரைப் போட்டு அடிக்கிறார்கள், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்: என்ன செய்யலாம்?

கருத்துச் சண்டையில் ஒதுங்கி நிற்பது வேறு, வசவில் ஒதுங்கி நிற்பது வேறு. ஆண்ட்ராய்டா ஐபோனா என்று இரண்டு பேர் விடிய விடிய மல்லுக்கட்டினால் ம்யூட் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம், ஒரு தப்பும் இல்லை. அதே சண்டையில் ஒருத்தர் மற்றவரின் பிறப்பை, நிறத்தை, வீட்டுப் பெண்களை இழுத்துவிட்டால், அதற்கப்புறம் அது போன் பற்றிய பேச்சே இல்லை.

அந்த இடத்தில் 'நமக்கேன் வம்பு' என்று சும்மா இருப்பதற்கு நாம் நடுநிலை என்று மரியாதையாகப் பெயர் வைத்துக்கொள்கிறோம். இருநூறு பேர் பார்த்தும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்றால், அடி வாங்குகிறவர், எல்லாரும் திட்டுகிறவன் பக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார். திட்டுகிறவனும் அப்படியேதான் எடுத்துக்கொள்வான்.

அந்த இருநூறு பேரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை பற்றி எழுதினார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து மைக் வழியாகப் பேசச் சொன்னார்கள்; நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் பதிவுசெய்த குரல் கேட்கும். தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து போய்ச் சொன்னார்கள், இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான். எழுந்து போகாதவர்களும் பதறித்தான் போயிருந்தார்கள். முகம் தெரியாமல், குரல் மட்டும் கேட்கும் அறைகள். நம் குரூப் மாதிரியே இல்லை? யாராவது சொல்வார்கள் என்று எல்லாரும் காத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதனால் அந்த முதல் வரியை நீங்களே போடுங்கள்.

போடுவதற்கு முன் ஒரு நிமிடம் இன்பாக்ஸுக்குப் போங்கள். "பார்த்தேன், அவர் பேசியது தப்பு. நான் குரூப்பில் சொல்லட்டுமா, இல்லை அட்மினிடம் போகட்டுமா?" என்று பாதிக்கப்பட்டவரிடம் கேளுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் கொள்ளாமல் பக்கம் பக்கமாக எழுதி, சண்டை மூன்று நாள் ஓடி, கடைசியில் யாருக்காகப் பேசினேனோ அந்தப் பெண்தான் குரூப்பை விட்டுப் போனார், திட்டியவன் ஜம்மென்று அங்கேயே இருந்தான்.

குரூப்பில் எழுதுவது இரண்டு வரி போதும்: "இந்த மாதிரிப் பேச்சு இங்கே வேண்டாம். அவர் கேட்டதற்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள்." ஆளைத் திட்ட வேண்டாம், கேள்வியும் கேட்க வேண்டாம், கேட்டால் அவனுக்கு மேடை போட்டுக் கொடுத்த மாதிரி. "சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்", "நீ என்ன அவருக்கு வக்கீலா" என்றெல்லாம் வரும், அதற்குப் பதில் போடாமல் பாதிக்கப்பட்டவர் சண்டைக்கு முன் கேட்ட கேள்விக்கே பதில் எழுதுங்கள், பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

அவன் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயர், நேரம், அதற்கு முந்தைய நாலைந்து மெசேஜ்கள் எல்லாம் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் குறிப்பிட்ட மெசேஜை மட்டும் அழுத்திப் பிடித்து ரிப்போர்ட் செய்யலாம், செய்தது அவனுக்குத் தெரியாது. ஒரு விதிவிலக்கு, குழந்தைகளின் ஆபாசப் படம் என்றால் ஆதாரத்துக்காகக்கூடச் சேமிக்காதீர்கள், அனுப்பாதீர்கள், ரிப்போர்ட் மட்டும். வயதுவந்த ஒருவரின் அந்தரங்கப் படத்தைப் பரப்புவதாக மிரட்டினால், ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) என்ற இலவசத் தளம் இருப்பதை அவரிடம் சொல்லுங்கள்: படம் அவருடைய போனை விட்டுப் போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போய், இதில் சேர்ந்திருக்கும் தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்க உதவும்.

கோபத்தில் அவனுடைய போன் நம்பரையும் ஆபீஸ் பெயரையும் தோண்டிப் போடுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், அதுவும் அதே வேலைதான்.

நீங்களே அட்மின் என்றால் "ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அடித்தவனையும் வாங்கியவரையும் ஒரே தட்டில் வைத்த மாதிரி ஆகிவிடும். மேலே போய் முதலிலிருந்து படியுங்கள், அரைமணி நேரம் ஆகட்டும். அப்புறம் அந்த மெசேஜை நீக்குங்கள், ஏன் நீக்கினோம் என்று எல்லாரும் பார்க்க ஒரு வரி எழுதுங்கள், மறுபடி செய்தால் ஆளையும் நீக்குங்கள்.

சில நேரம் வெளிப்படையாகப் பேச முடியாது. திட்டுகிறவனுக்கு உங்கள் வீடு தெரியும், வேலை தெரியும் என்றால் இன்பாக்ஸும் ரிப்போர்ட்டும் போதும், அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

திட்டுகிறவனே அட்மின் என்றால் ஏன் போகிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கிளம்புங்கள், பாதிக்கப்பட்டவருக்கும் தகவல் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் முதலிலேயே எடுத்துவிடுங்கள், பல ஆப்களில் வெளியே வந்தபின் பழைய மெசேஜ் எதையும் பார்க்க முடியாது.