பேப்பர் பிளேன்: நான்கும் சம அளவு, ஆனால் எலுமிச்சையில் கவனம்

பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி, அபெரோல், அமாரோ நோனினோ என்ற இரண்டு இத்தாலியக் கசப்பு மதுக்கள், எலுமிச்சைச் சாறு. நான்கும் ஒரே அளவு. பேப்பர் பிளேன் காக்டெயிலின் செய்முறையை ஒருமுறை கேட்டால் போதும், மறக்காது. அப்படியிருந்தும் வீட்டில் கலக்கும்போது ஒரு நாள் பல் கூசுகிறது, இன்னொரு நாள் இருமல் மருந்து போலத் தித்திக்கிறது. பாட்டில்கள் மூன்றும் என்றைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாறுவது பழம் மட்டும்தான். அதனால் இந்தப் பதிவில் எலுமிச்சைக்குத்தான் அதிக இடம்.

சாம் ராஸ் என்ற பார்டெண்டர் 2008-இல் சிகாகோவின் ‘தி வயலட் ஹவர்’ பாருக்காக உருவாக்கியது இது. முதலில் காம்பாரி என்ற இன்னும் கசப்பான இத்தாலிய மதுவைச் சேர்த்தார், பிறகு அபெரோலுக்கு மாறினார். கையில் காம்பாரிதான் இருக்கிறதென்றால் ஊற்றலாம், ஆனால் கசப்பு தூக்கலாகி நோனினோவின் ஆரஞ்சுத்தோல் மணம் அமுங்கிவிடும். எனக்கு அபெரோல்தான்.

பாட்டில்கள்

பர்பனில் ஆல்கஹால் 45 முதல் 50 சதவீதம் வரை இருப்பதாகப் பாருங்கள். 40 சதவீதத்தில் வருவது இந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். பல வருடம் பழுத்த விலை உயர்ந்த பர்பனை இதில் ஊற்றுவது வீண், அதைத் தனியாகக் குடியுங்கள். அபெரோல் வெறும் 11 சதவீதம்தான். நோனினோ 35. திராட்சைச் சாராயத்தில் மூலிகைகள் சேர்த்துச் செய்வது அது, குடித்து முடித்த பிறகும் நாக்கில் நிற்கிற மெல்லிய கசப்பு அதனுடையதுதான்.

அளவு: ஒவ்வொன்றும் 30 மி.லி. என்றுதான் பல இடங்களில் இருக்கும். நான் 22.5 மி.லி. ஊற்றுகிறேன். காரணம் கடைசியில்.

சாறு

தடித்த தோலுள்ள மஞ்சள் லெமன்தான் இதற்கு வேண்டும். சின்ன பச்சை லைமின் புளிப்பு வேறு மாதிரி, அதோடு அதற்கென்று ஒரு கசப்பும் உண்டு. பாட்டிலில் அடைத்த சாறு வேண்டவே வேண்டாம். பிழிந்த அன்றே பயன்படுத்துங்கள்.

கைப்பிடி வைத்த பிழிகருவி இருந்தால், பாதியாக வெட்டிய பழத்தின் வெட்டிய பக்கம் துளைகளைப் பார்த்து இருக்கட்டும். குழிக்குள் கச்சிதமாக உட்காருகிறதே என்று தோல் பக்கத்தைக் கீழே வைத்தால் சாறு பக்கவாட்டில் பீய்ச்சும், பாதி உள்ளேயே தங்கிவிடும். சரியாக வைத்து அழுத்தினால் தோல் உள்ளிருந்து வெளியாகப் புரண்டுகொண்டு வரும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேலும் நெரித்தால் வெள்ளைத் தோலின் கசப்பு இறங்கும். இந்தக் காக்டெயிலில் ஏற்கெனவே போதுமான கசப்பு இருக்கிறது.

அப்புறம், சாற்றைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். உட்புறம் கோடு போட்ட ஜிகர் (சின்ன அளவுக் குவளை) ஒன்று வாங்குங்கள். ஷேக்கருக்குச் செலவழிப்பதைவிட அதற்குச் செலவழிப்பது மேல்.

ஐஸுக்கு முன் ருசி

பாட்டில்கள் மூன்றையும் முழு அளவில் ஊற்றிவிட்டு, சாற்றில் மட்டும் ஒரு டீஸ்பூன் பிடித்து வையுங்கள். ஐஸ் போடாமல் கலக்கி, கரண்டி நுனியால் தொட்டு ருசி பாருங்கள். இந்த நிலையில் கலவை உங்களுக்குப் பிடித்ததைவிடச் சற்று அதிகமாக இனிக்க வேண்டும். குளிர்ந்தால் இனிப்பு அடங்கும், புளிப்பு அவ்வளவாக அடங்காது. இப்போதே சரியாக இருக்கிறது என்று தோன்றினால் மீதிச் சாற்றை விட்டுவிடுங்கள். திகட்டினால் அதையும் ஊற்றுங்கள். எல்லாம் ஊற்றிய பிறகு புளித்தால் சர்க்கரைப் பாகைத் தேடாமல் நோனினோவில் ஒரு டீஸ்பூன் கூட்டுங்கள்.

குலுக்கல்

ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்த பெரிய ஐஸ் கட்டிகளால் ஷேக்கரை நிரப்பி, 12 விநாடி வேகமாகக் குலுக்குங்கள். உலோகத்தின் வெளியே வெண்பனி படர்ந்து, பிடிக்கவே கை கூசும். தண்ணீர் வழியும் பழைய ஐஸ் என்றால் காக்டெயில் நீர்த்துப்போகும். மூன்று பாகங்களாக வரும் ஷேக்கரின் மூடி குளிரில் இறுகிக்கொள்வதால் அது எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரண்டு உலோகக் குவளைகளே போதும். குளிரவைத்த கூப் கிளாஸில் (தண்டு வைத்த, வாய் அகன்ற கிளாஸ்) டீ வடிகட்டி வழியாக வடித்துவிடுங்கள். அலங்காரம் எதுவும் தேவையில்லை.

பிறகு சேர்த்தது

நோனினோ கிடைக்காதவர்கள் மாற்று கேட்டிருந்தார்கள். அமாரோ மொண்டினேக்ரோ ஒத்துவரும், ஆனால் அது 23 சதவீதம்தான், இனிப்பும் கூடுதல். அதனால் பர்பன் 50 சதவீதமாக இருக்கட்டும். அவெர்னா என்ற இன்னொரு அமாரோ கனமானது. அது குடிக்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் வேறொரு காக்டெயில் ஆகிவிடும்.

இன்னும் சிலருக்குக் கிளாஸ் நிரம்பி வழிந்ததாம். 30 மி.லி. வீதம் ஊற்றினால் 120, ஐஸ் கரைந்து 160 வரை போகும். 150 மி.லி. கூப்பில் அது கொள்ளாது. நான் 22.5-இல் நிற்பது இதனால்தான்.

நான்கைந்து பேருக்குச் செய்வதானால் பாட்டில் சரக்கு மூன்றையும் சம அளவில் முன்கூட்டியே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். மூன்று பங்கு கலவைக்கு ஒரு பங்கு சாறு, அதுவும் குலுக்கும் நேரத்தில்தான். ஒரு ஷேக்கரில் இரண்டு பேருக்கு மேல் குலுக்காதீர்கள், ஐஸுக்கு இடம் இருக்காது.