குற்றம் கையில் இல்லை, தாளில்

வாட்டர்கலர் பழக 24 நிற டியூப் செட் வாங்கிய நான், தாளுக்குச் சாதாரண டிராயிங் நோட்டே போதும் என்று நினைத்தேன். தண்ணீர் பட்டதும் தாள் அப்பளம் மாதிரி நெளிந்தது. வானம் திட்டுத்திட்டாகக் காய்ந்தது. கை சரியில்லை என்று இரண்டு மாதம் என்னையே நொந்துகொண்டேன். அப்புறம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கனமான வாட்டர்கலர் தாள் ஒன்று வாங்கி, நாலாக வெட்டி, நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி வரைந்தேன். அதே கை, அதே வண்ணம். வானம் சீராக இறங்கியது! பருத்தித் தாள் இன்னும் நல்லது, விலைதான் கடிக்கும்.

இப்போது ஆறேழு நிறம்தான் தொடுகிறேன். வெள்ளை டியூப் மூடி திறக்காமலே கிடக்கிறது. வெள்ளைக்குத் தாளை அப்படியே விட்டால் சரி. பிரஷ், 8-ஆம் நம்பர் உருண்டை வகை ஒன்று. தண்ணீருக்கு இரண்டு டம்ளர், காபி டம்ளரை மட்டும் தள்ளி வையுங்கள்.