லெகோ பெருகிப் போச்சா? நிறத்தை விடுங்கள், வடிவத்தைப் பாருங்கள்

எங்கள் வீட்டு லெகோ (ஒன்றோடொன்று பொருத்திக் கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள்) ஒரே ஒரு பிறந்தநாள் பெட்டியில் தொடங்கியது. அப்புறம் தாய்மாமா ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்த சித்தி ஒன்று, பெரியப்பா மகன் கல்லூரிக்குப் போகும்போது மூட்டையாகக் கொடுத்துவிட்டுப் போனது என்று மூன்றே வருடத்தில் ஒரு பெரிய பக்கெட் நிறைந்துவிட்டது. துளியூண்டு பீஸ் ஒன்றைத் தேடி மகள் அதை அளைகிற சத்தம் இருக்கிறதே, லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. மத்தியானத் தூக்கம் காலி.

எல்லோரும் செய்யும் தப்பைத்தான் நானும் முதலில் செய்தேன். நிறம் நிறமாகப் பிரித்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது, பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் கறுப்பு டப்பாவுக்குள் ஒரு கறுப்பு ஆணியை (கட்டைகளைக் கோர்க்கும் குட்டி பிளாஸ்டிக் முளை) தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரே நிறக் குவியலில் வடிவம் கண்ணில் படவே படாது. ஒரே வடிவக் குவியலில் நிறம் தானாகப் பளிச்சென்று தெரியும். ஆகவே வடிவம்தான் முதலில். ஒரே வகை நூற்றுக்கணக்கில் சேர்ந்த பிறகு வேண்டுமானால் அதை மட்டும் நிறம் பிரியுங்கள்.

ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து எல்லாவற்றையும் அதில் கொட்டுங்கள். பாதியில் சாப்பிடக் கூப்பிட்டால் நாலு மூலையையும் சேர்த்து முடிந்து ஓரமாக வைத்துவிடலாம். முதல் சுற்றில் சேராதவற்றை மட்டும் எடுங்கள்: உடைந்தவை, ரப்பர் டயர், பொம்மை மனிதர்கள், வேறு கம்பெனிக் கட்டைகள். சந்தேகம் வந்தால் கட்டையின் மேல் உள்ள குமிழைப் பாருங்கள், லெகோ என்றால் அநேகமாக எல்லாக் குமிழிலும் பெயர் பொறித்திருக்கும். சொந்தக்காரர் கொடுத்த பழையதைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே பிடிப்பு முறைதான் இன்றும், அந்தக் காலத்துக் கட்டை இன்றைய கட்டையோடு சரியாகப் பொருந்தும்.

அடுத்து, காய்கறி அலசுகிற ஓட்டைக் கூடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஆட்டுங்கள். பெரியது மேலே நிற்கும், பொடிசு கீழே விழும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது. பெரியதை உயரக் கட்டை, தட்டைக் கட்டை, சரிவுக் கட்டை, சக்கரம் சம்பந்தப்பட்டவை, ஜன்னல் கதவு, டெக்னிக் (லெகோவின் இயந்திர வகை) கம்பிகள் என்று ஏழெட்டு வகையாகப் பிரித்தால் போதும். உயரக் கட்டை 9.6 மில்லிமீட்டர் உயரம், தட்டை அதில் மூன்றில் ஒரு பங்கு, அதனால் குழந்தைகளே பிரித்துவிடுவார்கள். என்னவென்றே தெரியாத பீஸ் வந்தால் அதன் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் குட்டியாக ஒரு எண் இருக்கும். இரண்டுக்கு நாலு கட்டையில் (இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு குமிழ்) 3001 என்று இருக்கும். அந்த எண்ணை ரீபிரிக்கபிள் (Rebrickable) என்ற இணையதளத்தில் போட்டால் எந்தெந்த செட்டில் (பெட்டியாக விற்கும் மாடலில்) வந்தது என்று காட்டிவிடும்.

முதல் நாளே ஐம்பது டப்பா வாங்காதீர்கள். ஒரு டப்பாவில் ஒரு பீஸைத் தேட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறதா, அதை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள், தொகுப்பு வளர வளர அதுவே எங்கே பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிடும். பொடிசுக்குத்தான் அதிக அறை வேண்டும், பெரிய கட்டை எங்கே கிடந்தாலும் கண்ணில் படும். ஒன்றுக்கு ஒன்று பீஸ்கள், ஆணிகள், கீல்கள், விளக்கு மாதிரி ஒளி ஊடுருவும் துண்டுகள் இதற்கெல்லாம் எங்கள் வீட்டில் பழைய அஞ்சறைப் பெட்டிதான் (பெயர்தான் அஞ்சறை, உள்ளே ஏழு கிண்ணம்). சீரக வாசனை போகும்வரை தேய்த்துக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். மற்றதற்கு ஓட்டல் பார்சல் டப்பா போதும். உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும், ஆழம் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூடியில் பெயர் எழுதுவதைவிட ஒரு பீஸையே ஒட்டிவிட்டால் எழுத்துத் தெரியாத வாண்டுக்கும் புரியும். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீடு என்றால் பொடிசு டப்பா எப்போதும் மேல் அலமாரியில்தான், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அழுக்கான பழைய கட்டைகளை 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுக் கையால் அலசுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டியதும் மோட்டாரும் தண்ணீர்ப் பக்கமே வரக்கூடாது. கழுவியதை வடாம் காயவைப்பது மாதிரி மொட்டை மாடியில் பரப்பிவிடாதீர்கள், வெயில் பட்டால் வெள்ளையும் நீலமும் நிறம் மாறிப் பழுப்பேறும். துணியில் பரப்பி ஃபேனுக்குக் கீழே ஒரு ராத்திரி விட்டால் போதும். ஜன்னலோர அலமாரியும் இதே காரணத்துக்காக வேண்டாம். ஒட்டிக்கொண்ட தட்டைகளைப் பல்லால் கடித்துப் பிரிக்காதீர்கள், பல் தடம் பதிந்த கட்டைகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. சில செட்டோடு வரும் ஆரஞ்சு நிறப் பிரிப்பானைத் தேடி எடுங்கள்.

மறுபடி செட்டாகவே கட்ட நினைப்பதை இந்தக் கும்பலில் கலக்காதீர்கள். ஜிப் கவரில் போட்டு, செட் எண்ணை எழுதிய சீட்டையும் உள்ளே வையுங்கள். வழிகாட்டிப் புத்தகம் தொலைந்தால் பரவாயில்லை, எண் இருந்தால் பெரும்பாலான செட்டுகளுக்கு லெகோவின் தளத்திலேயே பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும்.

கடைசியாக ஒரு அனாதை டப்பா. வீடு பெருக்கும்போது சோபாவுக்கு அடியில் சிக்குவது, பாதி ராத்திரியில் காலில் குத்துவது எல்லாம் நேராக அதற்குள் போகட்டும், ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய் இடம் தேடாதீர்கள். மாதம் ஒருமுறை மகளிடம் கொடுத்தால் டிவி பார்த்துக்கொண்டே அதை அவளே பிரித்துவிடுகிறாள், போன வாரம் அதிலிருந்து ஒரு பொம்மையின் தொப்பியும் என் சட்டைப் பொத்தானும் கிடைத்தன.